அப்பாவிடம் கேட்காமல் எழுதிய ஆறு பக்கம்

அருப்புக்கோட்டை,
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்வந்து, உடம்புக்கும் மனதுக்கும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வதோதராவில் வெயில் நம் ஊரை மிஞ்சுகிறது என்று அப்பா செல்போனில் பார்த்துச் சொன்னார், ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் கொதிக்கிறது என்றாயே, காலையிலேயே இரண்டு பாட்டில் பிடித்து வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. பயப்படாமல் படி. தாத்தாவுக்கு இடது கண்ணில் பார்வை போய்விட்டது. வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைக் காப்பாற்றத்தான் இப்போது பாடுபடுகிறோம். உயிருக்கு ஒன்றுமில்லை, நம் வீட்டில்தான் இருக்கிறார், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உள் அறையில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். போனில் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னால் அன்றைக்கே ரயிலேறிவிடுவாய் என்பது ஒரு காரணம். இன்னொன்று, போனில் என்றால் நோயை மட்டும் சொல்லி முடித்துவிடுவேன், நான் செய்த காரியத்தைச் சொல்ல மாட்டேன். அதை எழுதத்தான் முடியும் என்று தோன்றியது.

நான் ஐப்பசியிலிருந்து போகிற சர்வே வேலையைப் பற்றி உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அறுபது வயது தாண்டியவர்கள் எப்படி இருக்கிறார்கள், யார் நன்றாக மூப்படைகிறார்கள், அது எதனால் என்று ஒரு ஆராய்ச்சிக் குழு கணக்கெடுக்கிறது. விருதுநகரில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். பெரிய நோய் எதுவும் இருக்கக் கூடாது, உடம்பும் அறிவும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிற நிலையில் இருக்க வேண்டும், நாலு பேரோடு கலந்து பழக வேண்டும், இந்த மூன்றும் இருந்தால் அந்த முதுமை வெற்றி, அதற்கு ஒன்று போடுங்கள், எது குறைந்தாலும் பூஜ்யம் என்று போர்டில் எழுதிக் காட்டினார் வகுப்பெடுத்தவர். பக்கத்தில் இருந்த அமுதவள்ளி என் காதில், அப்ப நமக்கே இப்ப ஒண்ணு வராதேக்கா என்றாள், சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படிவம் ஆறு பக்கம். குளிப்பது, உடுத்துவது, பஸ்ஸில் போய்வருவது, ஆறு மாதத்தில் கீழே விழுந்தது, மனதில் உள்ளதை யாரிடம் சொல்வீர்கள் என்பது, இப்படிப் போகும். மூன்று வார்த்தை சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். மரம், சாவி, பானை என்று சொன்னதற்குப் பந்தல்குடியில் ஒரு அம்மா, மரமும் பானையும் இருக்கு தாயி, சாவிய எம்மருமகட்டப் போயிக் கேளு, எங்கிட்ட அவ குடுக்கிறதில்ல என்றார்கள். கைப்பிடியின் பலத்தை அளக்க ஒரு கருவி கொடுத்து அமுக்கச் சொன்னால், இதப் பிழிஞ்சா பாலா வரும் என்று ஒருவர் கேட்டார். நாலு மீட்டர் நடக்கவிட்டு ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்போம். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, பி.எஸ்ஸி. படித்துவிட்டு இருபத்தைந்து வருடம் அடுப்படியில் இருந்தவளுக்கு ஒரு பை, ஒரு அடையாள அட்டை, அக்கா உக்காருங்க என்கிற மரியாதை. நான் நன்றாகக் கேட்பேன் என்று பெயர் எடுத்தேன். மகன் மருமகளை வெளியே போகச் சொல்லிவிட்டு, காது கேட்காதவர் என்றால் கிட்டே உட்கார்ந்து, ஒருவர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னால் நம்பாமல் இன்னொரு விதமாகத் திருப்பிக் கேட்பேன். இருநூறு பேருக்கு மேல் அப்படிக் கேட்டிருக்கிறேன் பிரியா.

தை மாதக் கடைசியில் திருச்சுழிப் பக்கத்து ஊர்ப் பட்டியல் வந்தது. அதில் தாத்தா இருக்கிற நம் ஊரும் இருந்தது, குலுக்கலில் அவர் பெயரும் இருந்தது. இருளப்பசாமி, வயது எழுபத்தாறு, தனியாக வசிப்பவர் என்று அச்சில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சொந்தக்காரர்களை நாங்கள் கேட்கக் கூடாது, அடுத்தவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அமுதவள்ளி பெயருக்கு மாற்றினேன். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல், திங்கட்கிழமை படிவங்களை ஒப்படைக்க வேண்டும். நீ அலையாதே, என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதா, நானே போட்டுத் தருகிறேன், கையெழுத்தை மட்டும் போடு என்று நான்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பருப்பு வேகிற நேரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் அப்பாவின் ஆறு பக்கத்தையும் நிரப்பினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தானாகக் குளிக்கிறார், ஆம். பஸ்ஸில் போய்வருகிறார், ஆம், இடுப்பு வலி என்று கொஞ்ச நாளாக ஏறாததை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் விழுந்தாரா, இல்லை. பக்கவாட்டில் வருபவர்கள் தெரிகிறார்களா, ஆம். மனதில் உள்ளதை யாரிடம் சொல்கிறார், மகளிடம். கைப்பிடியின் பலத்துக்கும் நடை வேகத்துக்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு எண்ணைப் போட்டேன். கிணறு வெட்டிய கை அல்லவா, கொஞ்சம் கூட்டியே போட்டேன். கடைசிக் கேள்வி, உங்கள் முதுமைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்பது. அதற்கும் நானே ஒன்பது போட்டேன். அன்று சாயங்காலம் நீ போன் செய்தபோது, எங்கள் சர்வேயில் உன் தாத்தாதான் முதல் மார்க் என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா. ஒரு மெடல் வாங்கிக் குடும்மா என்று நீ சிரித்தாய். நீ வேலை பார்க்கிற மருந்துக் கம்பெனியில் மாத்திரையைத் தராசில் வைக்காமலே எடையை எழுதினால் உன்னை என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார். அதைத்தான் உன் அம்மா செய்தேன்.

பத்து வீட்டுக்கு ஒரு வீடு மேற்பார்வையாளர் திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேட்பார், பேக் செக் என்பார்கள். பங்குனி தொடக்கத்தில் அது தாத்தா வீட்டுக்கு விழுந்தது. காளிராஜ் என்று முப்பது வயதுத் தம்பி, நல்ல பையன். போய்வந்த மறுநாள் என்னைத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு படிவத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்கா, அவுக உங்க அப்பான்னு அங்க போயித்தான் தெரியும், எம்மகளும் இந்த வேலைதான் பாக்குதுன்னு அவுகளே பெருமையாச் சொன்னாக, இதுக்கு முன்னாடி யாரும் வந்து கேட்டாகளான்னேன், யாரும் வரலன்னுட்டாக என்றார். டீயை எடுத்துக் குடித்தார். நான் படித்தேன். கீழே விழுந்தது மூன்று முறை. பஸ்ஸில் ஏறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுப் படுத்துவிடுவது. நேராகப் பார்த்தால் தெரிகிறது, பக்கத்தில் வருவது தெரியவில்லை. மனதில் உள்ளதை யாரிடம் சொல்வீர்கள் என்ற இடத்தில் யாரிடமும் இல்லை என்று போட்டு, ஓரத்தில் காளிராஜ் பொடி எழுத்தில் தாத்தா சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: அது ஒரு நாளைக்குப் பத்துக் கிழடுக கதையக் கேட்டுட்டு வருது, வந்து என் கதையையும் கேக்கணுமாக்கும். கடைசிக் கேள்விக்கு எண் எதுவும் இல்லை, பதில் சொல்லவில்லை என்று மட்டும் இருந்தது. என் ஒன்பது அதற்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மேசையில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை, டீ ஆடை கட்டிவிட்டது.

அங்கிருந்தே ஊருக்குப் போனேன். தாத்தா வாசலில் வெள்ளாட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கமாகப் போய்ப் பேசாமல் நின்றேன். திரும்பவில்லை. கையை அவர் முகத்துக்கு ஓரமாக நீட்டினேன், ஆடுதான் என்னைப் பார்த்தது. அப்பா என்றதும் தூக்கிவாரிப் போட்டு, எப்பத்தா வந்த, சத்தமில்லாம வாரியே என்றார். தீபாவளிக்கு நாம் போனபோதும் நீ தோளைத் தொட்ட பிறகுதானே திரும்பினார், தாத்தாவுக்குக் காது மந்தம் என்று நாம் இரண்டு பேரும் சிரித்தோம். கார்த்திகையில் தோளில் கன்றிப்போன தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்டேன், கிடா முட்டிருச்சு என்றார், அந்தக் கிடாவை முதலில் விற்கணும் என்று நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன். முட்டியது கிடா இல்லை, நிலைக்கதவு. பஸ் போர்டு தெரியாமல் இரண்டு தடவை வேறு பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டதிலிருந்து பஸ் ஏறுவதை விட்டிருக்கிறார், எங்களிடம் பஸ்ஸு ஆகல, இடுப்பு வலிக்கி என்று சொல்லிவந்திருக்கிறார். ஆனால் நான் போகிற நாளெல்லாம் தினத்தாளை விரித்து வைத்துக்கொண்டு தலைப்புச் செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு நான் திரும்பி வந்திருக்கிறேன். காளிராஜ் தம்பி காட்டிய படிவத்தைப் பற்றிச் சொன்னேன், நான் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதியதையும் சொன்னேன். ஆட்டின் கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு, நீ எழுதுனதுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு பொம்பளப் பிள்ள வந்து கேட்டுச்சுன்னு சொல்லிருப்பனே, உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிராதேத்தா என்று கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு உன் அப்பா லீவு போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிற நோயாம். வலி இருக்காது, ஓரப் பார்வை முதலில் போகும், நேர்ப் பார்வை கடைசிவரை இருக்கும், அதனால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியவே தெரியாது என்றார் டாக்டரம்மா. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார், நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாதுதான், கேட்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். தாத்தா அமுக்கிக்கொண்டே இருந்தார். பரிசோதனை செய்த பெண், தாத்தா புள்ளி வராதப்பவும் அமுக்குறீங்களே என்றது. வந்திருக்கும்னு நெனச்சு அமுக்குனேன் தாயி என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வராண்டாவுக்குப் போய்விட்டேன், தகப்பனும் மகளும் ஒரே மாதிரி. இடது கண் போய் வெகுநாள் ஆகிவிட்டதாம். வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரிகிறது. போனது வராது, இருப்பது நிற்க வேண்டும் என்றால் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து, ஆயுசு முழுக்க, ஒரு வேளை தப்பக் கூடாது. தை மாதமே வந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் டாக்டர் என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்றுதான் பாத்திரம் தேய்க்கும்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிலைக்கதவு தெரிகிற அளவா, பேரப்பிள்ளை பக்கத்தில் வந்து நிற்பது தெரிகிற அளவா. ஊரெல்லாம் போய் ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்ட நான், என்னைப் பெற்ற தகப்பனை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று யோசித்ததில் ஒன்று புரிந்தது, எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் நன்றாக இருப்பது எனக்குத் தேவையாக இருந்தது. அவர் நன்றாக இருந்தால்தான் மாதம் ஒரு தடவை போய்க் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, நான்கு மணி பஸ்ஸைப் பிடித்து மனதில் பாரமில்லாமல் திரும்பலாம். அம்மாச்சி போன பிறகு இந்த ஐந்து வருடமும் அப்படித்தான் திரும்பினேன், எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை, வேறு ஒருத்தர் போய்ப் பார்ப்பார் என்று சொல்லவும் வழியில்லை. அந்தப் படிவத்தை நாங்கள் கேலி செய்ததுண்டு, மனுசனுடைய வயதான காலத்தைக் கட்டம் போட்டு எப்படி அளக்கிறது என்று. படிவத்தில் குற்றமில்லை பிரியா. நேரில் போய் வரிசையாகக் கேட்டிருந்தால் மூன்றாம் பக்கத்திலேயே அது கண்டுபிடித்திருக்கும்.

காளிராஜ் தம்பி இதைப் பெரிதாக்காமல் விட்டுவிடலாம் என்றார். வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன். என்னை ஒரு மாதம் நிறுத்தி வைத்து, என் படிவங்களில் நாற்பதைத் திரும்பச் சரிபார்க்கிறார்கள், மற்றதெல்லாம் சரியாக இருக்கும், அதில் எனக்குப் பயமில்லை. கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு அமுதவள்ளிக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னக்கா, உங்க அப்பாவுக்கு நூத்துக்கு நூறு, எனக்கு மெமோவா என்றாள், ஆனால் காப்பி போட்டுத்தான் கொடுத்தாள். தாத்தா இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டாம் நாளே கிரைண்டர் முனையில் இடித்துக்கொண்டார். எங்கூட்டுல எனக்குக் கண்ணே வேண்டியதில்லத்தா, காலு தன்னால போயிரும், உங்கூட்டுலதான் குருடனா இருக்கேன் என்கிறார். வாதாடி, அடுத்த பரிசோதனை முடியும்வரை இங்கே, அதற்குப் பிறகு ஊருக்கு என்று ஒப்புக்கொண்டோம். காலை மருந்தை அடுத்த வீட்டு மாரிக்கனி விடுவதாகச் சொல்லியிருக்கிறாள், சாயங்காலத்துக்குத் தானே விட்டுக்கொள்ளப் பழகுகிறார். பாதிச் சொட்டு கன்னத்தில்தான் விழுகிறது. கன்னத்தில் விழுந்தால் கன்னத்தில் விழுந்தது என்று சொல்லுங்கள், கண்ணில் விழுந்தது என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறேன். மதுரையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன், பத்துக்கு எத்தனை போடுவீர்கள் அப்பா என்று. இப்பதான கேக்கவே ஆரம்பிச்சிருக்க, கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்வளவும் எழுதிவிட்டு, அவரைப் பற்றிய கடிதம் அவருக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று முழுவதையும் படித்துக் காட்டினேன். கிடா பொய்யை எழுதியதற்கு மட்டும், பேத்திகிட்ட மானத்த வாங்கிட்டியே என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, மூணு தடவ இல்ல, நாலு, கம்மாக்கரையில விழுந்தத அந்தத் தம்பிட்டயும் சொல்லல, அங்க கெடந்தப்ப ரெம்ப நேரம் யாரும் வரல என்றார். 

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. இந்த நோய் வீட்டில் ஒருவருக்கு வந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், கூட வந்தவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா அன்றைக்கே என்னையும் உட்கார வைத்துப் பார்த்தார். எனக்கும் இரண்டு கண்ணிலும் அழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். நரம்பு இன்னும் கெடவில்லை, பார்வைக்குக் குறைவில்லை, நானும் ராத்திரிக்கு ஒரு வேளை சொட்டு விடுகிறேன். உன் அப்பா இதை உன்னிடம் சொல்ல வேண்டாம், பிள்ளை தனியாக இருக்கிறது என்றார். தை மாதம் என்றால் நானும் சரி என்றிருப்பேன்.

பருப்புப் பொடியும் கருவாட்டுப் பொடியும் தனிப் பார்சலில் அனுப்புகிறேன், ஹாஸ்டலில் கருவாட்டு வாசனைக்குச் சண்டை வந்தால் நீயாச்சு அவர்களாச்சு. லீவு போட்டு ஓடி வராதே, ஆடியில் வா, அதற்குள் தாத்தா ஊருக்குப் போயிருப்பார், அங்கேயே போய்த் தங்கலாம். தாத்தாவும் அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம், கண்ணும் கருத்துமாக நீண்ட காலம் இரு. இந்த வாரத்துக்குள் அங்கே ஒரு கண் டாக்டரிடம் போய் அழுத்தம் பார்த்துவிடு, நரம்பையும் பார்க்கச் சொல். பார்த்துவிட்டு, நல்லா இருக்குன்னு சொன்னாங்கம்மா என்று மட்டும் போனில் சொல்லிவிடாதே. அவர்கள் தருகிற சீட்டை, எண் தெரிகிற மாதிரி, படம் எடுத்து அனுப்பு. நானும் என் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. அனுசியா